ஆல்பிரட் வேகனர்

உலகில் அசையாதது யாது என வினவினால், நிலம் என்றே எவரும் விடை கூறுவர். வீட்டையும் வயலையும் அசையாப் பொருள் என்று ஆவணங்களில் எழுதுவது வழக்கம். பொறுமைக்கும் நிலைபேற்றுக்கும் நிலத்தையே புலவர் உவமை கூறினர். அந் நிலம் நின்ற இடத்தில் நிற்பதன்று, தெப்பக்குளத்துத் தெப்பம்போலக் கண்டங்கள் யாவும் மெல்ல மெல்லப் பெயர்ந்து செல்கின்றன என்று ஒருவர் சொன்னபோது, கற்றறிந்தோரும் நகைத்தனர். சொன்னவர் நிலவியலைத் தொழிலாகக் கொண்டவரும் அல்லர். காற்றையும் மேகத்தையும் ஆராய்ந்து வந்தவர். அவரே ஆல்பிரட் வேகனர்.

வேகனர் 1880 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ரிச்சர்டு வேகனர் கிறித்தவச் சமயப் பணியாளர். பழைய மொழிகளை மாணவர்க்குக் கற்பித்து வந்த ஆசிரியருமாவார். அவருடைய மக்கள் ஐவருள் கடைக்குட்டி ஆல்பிரட். தமையனார் கர்ட்டும் அவரும் இணைபிரியாதவர்கள். நெடுந்தொலைவு நடப்பதிலும் மலை ஏறுவதிலும் பனியிற் சறுக்கிச் செல்வதிலும் இளமையிலேயே ஆல்பிரட்டுக்கு விருப்பம் மிகுதி. வடகோடியில் வெண்பனி மூடிக் கிடக்கும் கிரீன்லாந்து என்னும் பெருந்தீவு அவருடைய உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. அத்தீவே பின்னர் அவருக்குப் புகழையும் தந்தது, உயிரையும் கொண்டது.

பெர்லின், ஹைடல்பர்க், இன்சுபுருக்கு ஆகிய நகரங்களில் பயின்று, 1905 இல் வானநூலில் அவர் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும், தொலைநோக்கியின் முன் ஓரிடத்தில் அமர்ந்து வாழ்நாளைக் கழிப்பது அவருடைய இயல்புக்குப் பொருந்தவில்லை. ஆகவே, அக்காலத்தில் புதிதாக வளர்ந்துவந்த வானிலையியலில் புகுந்தார். லிண்டன்பர்க் என்னுமிடத்திலிருந்த ஆய்வு நிலையத்தில் தமையனாரோடு சேர்ந்து பட்டங்களையும் ஆவிக்கூண்டுகளையும் விண்ணில் ஏற்றிக் காற்றின் வெப்பத்தையும் விரைவையும் அளந்தார். 1906 ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் உடன்பிறந்தார் இருவரும் ஓர் ஆவிக்கூண்டில் ஏறி, 52½ மணி நேரம் இடையறாது வானில் மிதந்தனர். அதற்கு முன்னர் அத்துணை நேரம் எவரும் பறந்ததில்லை.

அவ்வாண்டே டென்மார்க்கு நாட்டார் கிரீன்லாந்தின் வடகீழ்க் கரையை ஆராய ஒரு குழுவை அனுப்பினர். வேகனர் அதில் வானிலை அறிஞராகச் சேர்ந்தார். ஈராண்டு அங்குத் தங்கினார். இரு குளிர்காலங்களைக் கண்டார். கதிரவனே தோன்றாத நெடிய இரவுகளில் பட்டங்களைப் பறக்கவிட்டுக் காற்றை அளந்தார். குழுவின் தலைவராகிய மில்லியஸ் எரிக்சன் 1907 இல் தம் தோழர் இருவரோடு நாய்வண்டிகளில் சென்று, உணவின்றிப் பனியிடையே மாண்டார். பனிநாட்டில் குறித்த காலத்தில் உணவு வந்து சேராவிடின் என்ன நேரும் என்பதை வேகனர் தம் இருபத்தேழாம் அகவைக்குள் உணர்ந்துகொண்டார். அவருடைய இறுதி நாட்களை விளங்கிக்கொள்ள இந்நிகழ்ச்சியை மறவாதிருத்தல் வேண்டும்.

ஊர் திரும்பிய வேகனர் மார்பர்க்குப் பல்கலைக் கழகத்தில் விரிவுரையாளர் ஆனார். கடினமான செய்தியையும் எளிதில் விளங்க உரைக்கும் ஆற்றல் அவருக்கு இயல்பாக அமைந்திருந்தது. உலகத் தட்பவெப்ப நிலைகளை வகுத்துக் காட்டிய விளாதிமிர் கெப்பன் என்னும் முதுபேரறிஞரின் நட்பு அக்காலத்தில் கிட்டியது. அப்பெரியாரின் மகளாகிய எல்சா என்னும் நங்கையைப் பின்னர் அவர் மணந்தார்.

1910 ஆம் ஆண்டின் இறுதியில், நண்பர் ஒருவர் பெற்ற புதிய நிலப்படத் தொகுதியை வேகனர் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்லாண்டிக் மாக்கடலின் இருமருங்கிலும் உள்ள கரைகள் அவர் கண்ணைக் கவர்ந்தன. பிரேசில் நாடு கடலுள் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு எதிரே ஆப்பிரிக்காவின் கரை உள்வாங்கி வளைந்திருந்தது. ஓர் அப்பத்தைப் பிட்டு இரு துண்டாக வைத்தாற்போல அக்கரைகள் தோன்றின. இவ்வொப்புமையை அவருக்கு முன்னரும் சிலர் கண்டதுண்டு. நிலப்படம் வரைந்த ஆர்ட்டீலியஸ் என்பார் 1596 ஆம் ஆண்டிலேயே இதைக் குறித்திருக்கிறார். ஆயின், கண்டவர் பலரும் வியந்ததோடு அமைந்தனர். வேகனரும் முதலில் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. அடுத்த ஆண்டு, பிரேசிலிலும் ஆப்பிரிக்காவிலும் ஒரே வகையான பண்டை உயிர்களின் எச்சங்கள் கிடைக்கின்றன என்னும் ஓர் அறிக்கை தற்செயலாக அவர் கைக்கு வந்தது. அதன்பின் அவ்வெண்ணம் அவரை விடவில்லை.

1912 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6 ஆம் நாள், பிராங்கபர்ட்டு நகரில் கூடிய நிலவியலார் அவையில் தம் கருத்தை அவர் முதன்முதலாக வெளியிட்டார். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. அவையினர் பலர் முகம் சுளித்தனர். வேகனர் அவர்களோடு சொற்போரில் இறங்கவில்லை. அவ்வாண்டே மறுபடியும் கிரீன்லாந்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

இம்முறை கோக்கு என்னும் டென்மார்க்குத் தலைவரோடு நால்வர் சென்றனர். ஐசுலாந்துக் குதிரைகளைக் கொண்டு தீவின் அகன்ற பகுதியைக் குறுக்கே கடப்பது அவர்கள் நோக்கம். தொடக்கத்திலேயே, அவர்கள் தங்கியிருந்த இடத்தினருகே பனிக்கட்டியாறு பிளந்து சரிந்தது. மயிரிழையில் உயிர் தப்பினர். கோக்கு ஒரு பனிப் பிளவில் வீழ்ந்து கால் முறிந்து கிடந்தார். பனிப்பரப்பின் மீதே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, 1913 இல் பயணத்தைத் தொடர்ந்தனர். நான்சன் என்னும் நார்வே வீரர் 1888 இல் கடந்த வழியைப்போல் அஃது ஏறத்தாழ இருமடங்கு நீளமுடையது. குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. மேலைக்கரையை அணுகும் நிலையில் உணவு அற்றது. உடன் வந்த நாயையும் கொன்று உண்ணும் கொடுமை நேர்ந்தது. அப்போது, தொலைவிலுள்ள தம் மக்களைக் காணப் படகில் சென்றுகொண்டிருந்த உபர்னாவிக்குத் திருச்சபைக் குரு ஒருவர் கண்ணில் அவர்கள் பட்டனர். இல்லையேல், கண்டப் பெயர்ச்சி பற்றிய நூல் எழுதப்படாமலே போயிருக்கும்.

மணமாகி ஓராண்டு நிறைவதற்குள் முதல் உலகப்போர் மூண்டது. படையில் சேர்ந்த வேகனர் இருமுறை குண்டுபட்டுப் புண்ணுற்றார். புண் ஆறும்பொருட்டு ஓய்ந்திருந்த காலத்தில் தம் கருத்துக்களைத் தொகுத்து எழுதினார். கண்டங்களும் மாக்கடல்களும் தோன்றிய வரலாறு என்னும் பொருள்பட்ட அந்நூல் 1915 இல் வெளிவந்தது. நூறு பக்கங்களுக்கும் குறைந்த சிறு நூல் அது. பின்னர் 1920, 1922, 1929 ஆகிய ஆண்டுகளில் புதிய சான்றுகளைச் சேர்த்து அதனை விரித்துக்கொண்டே சென்றார்.

நூலின் சாரம் இது: பண்டு உலகிலிருந்த நிலமெல்லாம் ஒரே பெருங்கண்டமாய் இணைந்திருந்தது. முழுநிலம் எனப் பொருள்படும் பான்ஜியா என்னும் பெயரால் அது பின்னர் வழங்கலாயிற்று. அஃது உடைந்து, துண்டுகள் விலகிச் சென்றமையாலேயே இன்றுள்ள கண்டங்கள் அமைந்தன. விலகிய இடங்களில் கடல் புகுந்தது. முட்டிய இடங்களில் மலைகள் எழுந்தன. இந்தியா வடக்கு நோக்கிச் சென்று ஆசியாவின்மேல் மோதியமையால் இமயம் மடிந்து உயர்ந்தது.

இதற்கு அவர் காட்டிய சான்றுகள் பல துறைகளைச் சார்ந்தவை. கிளாசாப்டெரிஸ் என்னும் நாக்கு வடிவ இலையையுடைய ஒரு பண்டைச் செடியின் எச்சங்கள் தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆசுத்திரேலியா ஆகிய எல்லா இடங்களிலும் அகப்படுகின்றன. தென்முனைக் கண்டத்தை அடைந்து மீளும் வழியில் 1912 இல் இறந்த இசுகாட்டு குழுவினர் அக்கண்டத்திலிருந்தும் அதனைக் கொண்டுவந்திருந்தனர். மெசோசாரஸ் என்னும் சிறு ஊர்வனத்தின் எலும்புகள் தென்னமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் மட்டுமே கிடைக்கின்றன. மாக்கடலை நீந்திக் கடக்கும் வலிமை அவ்வுயிர்க்கு இல்லை. ஆப்பிரிக்காவின் தென்கோடியில் கடலோடு முடிவுறும் மலைமடிப்பு, அர்செந்தீனா நாட்டின் கரையருகே மீண்டும் தலைகாட்டுகின்றது. கிழிந்த செய்தித்தாளின் ஓரங்களைப் பொருத்தினால் மட்டும் போதாது, அச்சிட்ட வரிகளும் குறுக்கே தொடர்ந்து செல்லுமாயின் அவை ஒரே தாளின் துண்டுகள் என ஐயமறத் துணியலாம் என்று அவர் விளக்கினார்.

எல்லாவற்றினும் வலிமை வாய்ந்தது தட்பவெப்பச் சான்றே. பனிக்கட்டியாறு நகரும்போது அடியிலுள்ள கற்களைத் தேய்த்துக் கீறிச் செல்லும். அத்தகைய கீறல்களையுடைய பண்டைக் கற்கள் ஒடிசாவில் தால்சேர் என்னும் ஊர்ப்பக்கத்திலும், அனல் வீசும் ஆப்பிரிக்காவிலும், பிரேசிலிலும் உள்ளன. இவற்றின் வயது முப்பது கோடி ஆண்டு அளவினது. மறுபுறம், பனி மூடிய வடகடல் தீவாகிய இசுபிட்சுபெர்கனில் வெப்பநாட்டு மரஞ்செடிகளின் எச்சங்கள் கிடைக்கின்றன. கண்டங்கள் இன்றிருக்கும் இடத்திலேயே என்றும் இருந்தன என்று கொண்டால் இவை விடுகதைகளே. தென்கண்டங்களையெல்லாம் தென்முனையைச் சுற்றிக் கூட்டி வைத்துப் பார்த்தாலோ, சிதறிக் கிடந்த பனிச்சுவடுகள் ஒன்றுகூடி ஒரு பனிப்போர்வை ஆகிவிடுகின்றன. அத்தென்கண்டக் கூட்டத்துக்குச் சூயஸ் என்னும் அறிஞர் முன்னரே இட்டு வழங்கிய கோண்டுவானா என்னும் பெயர், நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நாட்டினின்றும் பெறப்பட்டதாகும்.

அக்கால நிலவியலார் இவ்வொற்றுமைகளை அறியாதவர் அல்லர். கண்டங்களுக்கிடையே நிலப்பாலங்கள் இருந்தன, அவை கடலுள் அமிழ்ந்துபோயின என்று அவர்கள் அமைதி கூறினர். மடகாசுகருக்கும் இந்தியாவுக்கும் இடையே இலெமூரியா என்னும் கண்டம் இருந்து மூழ்கியது என்று சிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார் 1864 இல் கூறியதும் இவ்வகையைச் சேர்ந்ததே. வேகனர் இதனை மறுத்தார். கண்டங்கள் எடை குறைந்த பாறையால் ஆனவை; கடலின் அடித்தளமோ எடை மிகுந்த பாறையால் ஆனது. நீரில் மரக்கட்டை அமிழாதவாறுபோல, எடை குறைந்த பெருநிலம் எடை மிகுந்த பாறையுள் மூழ்கி மறைதல் இயலாது. மூழ்க இயலாதாயின், விலகியிருத்தல் வேண்டும். இவ்வாதத்தை எதிர்ப்பாளர் எளிதில் அசைக்க முடியவில்லை.

ஆயினும் எதிர்ப்பு வலுத்தது. வானிலை கற்றவர் நிலவியலில் தலையிடுவதா என்ற மனக்குறை சிலருக்கு இருந்தது உண்மையே. எனினும் எதிர்த்தோர் அனைவரையும் அறியாமையுடையோர் எனத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. கண்டங்களைத் தள்ளும் விசை எது என்னும் வினாவுக்கு வேகனர் தக்க விடை கூறவில்லை. உலகம் சுழல்வதாலும், திங்களும் கதிரவனும் ஈர்ப்பதாலும் தோன்றும் விசைகளே காரணமாகலாம் என்றார். அவை அதற்குச் சிறிதும் போதா என்று ஜெப்ரீஸ் என்னும் ஆங்கில அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார், அக்கணக்கில் பிழையில்லை. கிரீன்லாந்து ஐரோப்பாவை விட்டு ஆண்டுக்குப் பல மீட்டர் விலகுகின்றது என்று வேகனர் பழைய அளவைகளைக் கொண்டு முடிவு செய்ததும் தவறாயிற்று. 1926 இல் நியூயார்க்கில் இதனை ஆராயக் கூடிய அவையில் பெரும்பாலோர் அவருக்கு எதிராகவே பேசினர். தென்னாப்பிரிக்காவின் தூ தோயித்து, இங்கிலாந்தின் ஆர்தர் ஹோம்சு போன்ற சிலரே துணைநின்றனர். உலகின் உட்புறத்து வெப்பத்தால் ஆழத்திலுள்ள பாறை மிக மெதுவாகச் சுழன்றோடுகின்றது என்றும், அவ்வோட்டமே கண்டங்களைச் சுமந்து செல்கின்றது என்றும் ஹோம்சு எண்ணினார். உண்மைக்கு மிக அருகில் சென்ற கருத்து அதுவே. அன்று அதனைக் கேட்பார் இல்லை.

இவ்விகழ்ச்சியிடையே வேகனர் வாளா இருக்கவில்லை. 1916 இல் ஜெர்மனியில் விழுந்த ஒரு விண்கல், கண்டோர் உரைத்த செய்திகளைக் கொண்டு எங்கு வீழ்ந்திருக்கும் என்று கணக்கிட்டார். அடுத்த ஆண்டு அவர் குறித்த இடத்தை ஒட்டியே அக்கல் அகப்பட்டது. மேகத்தில் பனித்துகள் வளர்ந்து மழையாகும் முறையையும் ஆராய்ந்தார். மாமனாரோடு சேர்ந்து பண்டைக்காலத் தட்பவெப்பம் பற்றி 1924 இல் ஒரு நூல் வெளியிட்டார். இத்துணைக்குப் பின்னரும் ஜெர்மனியின் பல்கலைக் கழகங்களில் அவருக்கு நிலையான பேராசிரியர் பதவி வாய்க்கவில்லை. 1924 இல் ஆசுத்திரியாவின் கிராசு நகரமே அவரை ஏற்றுக்கொண்டது. மனைவியோடும் புதல்வியர் மூவரோடும் அங்கு அமைதியாக வாழ்ந்தார்.

கிரீன்லாந்து மீண்டும் அழைத்தது. அத்தீவின் நடுவே ஓராண்டு முழுதும் தங்கி வானிலையை அளக்கவும், வெடி வைத்து எழும் அதிர்வைக்கொண்டு பனியின் தடிப்பைக் காணவும் 1930 இல் ஒரு பெருங்குழு புறப்பட்டது. தலைமை வேகனருடையது. மேலைக்கரையிலிருந்து 400 கிலோமீட்டர் உள்ளே, ஏறத்தாழ 3000 மீட்டர் உயரத்தில், நடுப்பனி என்னும் பொருள்பட ஐசுமிட்டே எனப் பெயரிட்ட நிலையம் அமைப்பது திட்டம். கரையருகே கடற்பனி உருகாமையால் பொருள்களை இறக்கவே ஆறு வார அளவு காலம் வீணாயிற்று. அந்த ஆறு வாரம் பின்னர் எவ்வகையாலும் ஈடு செய்ய முடியாததாயிற்று. பொறியால் இயங்கும் பனிவண்டிகளும் மென்பனியில் ஓடாமல் நின்றன. கியார்கி, சோர்கே என்னும் இருவர் நடு நிலையத்தை அடைந்துவிட்டனர். குளிர்காலத்துக்கு வேண்டிய உணவும் எரிநெய்யும் முழுதும் போய்ச் சேரவில்லை. அக்டோபர்த் திங்கள் 20 ஆம் நாளுக்குள் அவை வாராவிடின், நடந்தே கரைக்குத் திரும்புவோம் என்று அவர்கள் செய்தி விடுத்தனர். அக்கடுங்குளிரில் நடந்து புறப்படுதல் சாவதற்கு ஒப்பாகும். மில்லியஸ் எரிக்சனுக்கு நேர்ந்ததை வேகனர் மறந்தவரல்லர்.

செப்டம்பர்த் திங்கள் 21 ஆம் நாள், லோவே என்னும் தோழரையும் கிரீன்லாந்தினர் பதின்மூவரையும் அழைத்துக்கொண்டு, பதினைந்து நாய்வண்டிகளோடு அவரே புறப்பட்டார். காற்று முகத்தில் அறைந்தது. வழி நெடுகப் புதுப்பனி குவிந்திருந்தது. கிரீன்லாந்தினர் சிறிது சிறிதாகத் திரும்பிவிட்டனர். பனியை நன்கு அறிந்த அவர்கள் திரும்பியதைக் குறைகூறுதல் தகாது. இராசுமுசு வில்லும்சன் என்னும் இளைஞர் ஒருவரே எஞ்சினார். சுமைகளை வழியில் இறக்கிவிட்டு மூவரும் சென்றனர். குளிர் சுழியத்துக்குக் கீழே 50 பாகையைத் தாண்டியது. நாற்பது நாட்களுக்குப்பின், அக்டோபர் 30 ஆம் நாள் நடு நிலையத்தை அடைந்தபோது, கொடுப்பதற்கு அவர்கள் கையில் ஏறத்தாழ ஒன்றுமில்லை.

கியார்கியும் சோர்கேயும் புறப்படாமல் அங்கேயே இருந்தனர். பனியில் குகை குடைந்து, உள்ள உணவைச் சிக்கனமாகக் கொண்டு குளிர்காலத்தைக் கழித்துவிடலாம் என்று அவர்கள் பின்னர்த் துணிந்திருந்தனர். அம்முடிவைக் கரைக்கு அறிவிக்க அவர்களிடம் வானொலிக் கருவி இல்லை. லோவேயின் கால்விரல்கள் குளிரால் செத்துவிட்டன. மயக்க மருந்தின்றிச் சிறு கத்தியால் அவற்றை அறுத்து அவர் உயிரைக் காத்தனர். ஐவர் தங்கினால் உணவு போதாது. ஆகவே, இரண்டு நாள்கூட முழுதாக இளைப்பாறாமல், நவம்பர் முதல் நாள் வேகனரும் இராசுமுசும் பதினேழு நாய்களோடு கரை நோக்கிப் புறப்பட்டனர். அன்று வேகனருக்கு ஐம்பது வயது நிறைந்தது. புறப்படுமுன் எடுத்த நிழற்படம் ஒன்று உளது. மீசையிலும் உடையிலும் பனி படிந்து இருவரும் நிற்கின்றனர்.

அவர் கரை சேர்ந்திருப்பார் என நடு நிலையத்தார் நம்பினர். நடு நிலையத்திலேயே தங்கிவிட்டார் எனக் கரை நிலையத்தார் நம்பினர். குளிர்காலம் முழுவதும் இரு சாராரும் இந்நம்பிக்கையோடு இருந்தனர். 1931 ஆம் ஆண்டு வேனிலில் கரையிலிருந்து சென்ற குழு நடு நிலையத்தை அடைந்தபோதே உண்மை வெளிப்பட்டது. மே திங்களில், வழியின் பாதியளவில் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகள் பனியில் செங்குத்தாக நட்டிருந்தமை தென்பட்டது. தோண்டினர். கலைமான் தோலின்மேல் கிடத்தி, உறக்கப்பைகளின் உறையிட்டுத் தைத்து, வேகனரின் உடல் அழகுற அடக்கம் செய்யப்பட்டிருந்தது. உடலில் காயம் ஒன்றும் இல்லை; மிகையான உழைப்பால் நெஞ்சு நின்றிருக்கலாம் என்று முடிவு செய்தனர். இக்கடமையைத் தனியொருவராய்ச் செய்து முடித்த இராசுமுசு, வேகனரின் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு மேலும் நடந்துள்ளார். அவர் தங்கிய சுவடுகள் சிறிது தொலைவு வரை காணப்பட்டன, பின்னர் ஒன்றுமில்லை. அவ்விளைஞரும் கிடைக்கவில்லை, நாட்குறிப்பும் கிடைக்கவில்லை. வேகனரின் உடலை அவ்விடத்திலேயே விட்டு, மேலே பனிக்கட்டிகளால் ஒரு மேடை எழுப்பினர். தமையனார் கர்ட்டு வந்து குழுவின் தலைமையை ஏற்று, எஞ்சிய பணிகளை முடித்தார்.

அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டப் பெயர்ச்சியைப் பற்றிப் பேசுவார் அருகினர். மாற்றம் கடலின் அடியிலிருந்து வந்தது. 1950 க்குப்பின் மாக்கடல்களின் ஆழத்தை அளந்து படம் வரைந்தபோது, அட்லாண்டிக்கின் நடுவே நெடுமலைத் தொடர் ஒன்றும், அதன் உச்சியில் ஒரு பிளவும் தெரிந்தன. அப்பிளவு வழியே உருகிய பாறை மேலெழுந்து, புதிய கடல்தளமாக இருமருங்கிலும் விரிகின்றது என்று ஹெசு என்னும் அமெரிக்கர் 1962 இல் எழுதினார். எரிமலைக் குழம்பு ஆறும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அக்காலத்து உலகக் காந்தத்தின் திசையைப் பதித்துக்கொள்ளும். அப்பதிவுகளைக் கொண்டு கடல்தளம் விரிவதை வைன், மேத்தியூசு என்னும் இருவர் 1963 இல் காட்டினர். தக்காணத்தின் கரும்பாறைகளை இம்முறையால் ஆராய்ந்தபோது, அவை படிந்த காலத்தில் இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தமை தெரியவந்தது. 1968 அளவில் புவித்தட்டுக் கொள்கை முழு உருவம் பெற்றது. உலகின் மேலோடு சில பெருந்தட்டுகளாகவும் பல சிறுதட்டுகளாகவும் பிரிந்துள்ளது. வேகனர் எண்ணியதுபோலக் கண்டங்கள் கடல்தளத்தைக் கிழித்துக்கொண்டு செல்லவில்லை. கண்டமும் கடல்தளமும் சேர்ந்த தட்டுகளே நகர்கின்றன. ஓரங்களில் பழைய தட்டு ஆழத்துள் அமிழும்போது, தன் எடையால் எஞ்சிய பகுதியையும் இழுத்துச் செல்கின்றது. அவர் தேடிக் கிடைக்காத விசை இதுவே.

இன்று செயற்கைக்கோள்களின் துணையால் இந்நகர்ச்சியை நேரே அளக்கின்றனர். இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்கே செல்கின்றது. அட்லாண்டிக் மாக்கடல் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலுகின்றது. விரல் நகம் வளரும் அளவே அது. 1980 இல், வேகனர் பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, பனிமுனை ஆராய்ச்சிக்கென பிரெமர்ஹாவன் நகரில் நிறுவிய நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டினர். எல்சா அம்மையார் கணவருடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தொகுத்து 1960 இல் நூலாக்கினார். நூறாண்டு வாழ்ந்து, 1992 இல் அவர் மறைந்தார். தம் கணவரைப் பார்த்து உலகம் நகைத்ததையும், பின்னர் அவருடைய கொள்கையைப் பள்ளிப் பாடமாக வைத்ததையும் அவ்வம்மையார் இருந்து கண்டார்.